படித்துக் காட்டாத பக்கம்

நவம்பர் மாதம் வந்தால், பென்ஷனுக்காக, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பேங்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது, தாளில் விரல் வைக்க வேண்டும். முந்தாநாள் இந்தப் பூனாவின் கோந்த்வாவில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, கட்கிக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். மூடி திறந்ததும் அந்த ஊதா மையின் வாசனை வந்தது. மூக்கில் ஏறியதுதான் தெரியும், பேங்க் மறந்துபோயிற்று. ஆள் உயரப் புல்லும், நனைந்த யானையின் வாடையும், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நீ சொல்வதும்தான் வந்தது. "வெரல நீட்டுங்க."

"பாபா, அங்கூட்டா," என்று கட்டை விரலைக் கேட்டு அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் நிதானத்துக்கு வந்து, முதலில் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிழவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெண் நல்ல பெண். சிரித்துக்கொண்டே படித்தாள். இந்த ஆள் இன்றைய தேதிக்கு உயிருடன் இருக்கிறார் என்று அதில் இருந்ததாம். சரி என்று இடது கைக் கட்டை விரலை வைத்தேன். உனக்குக் கொடுத்த வாக்கை அதுவரைக்கும் நான் மீறியதில்லை.

இதை எதிர் வீட்டு சுமதி எழுதுகிறாள். கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதி, நான் விரல் தூக்கினால் நிறுத்தி, எழுதியதைப் படித்துக் காட்டுகிறாள். நம் பையன் மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் படிப்பான். தமிழ் பேசுவான், படிக்க வராது. வீட்டில் பேசினால் போதும் என்று நாம்தான் விட்டுவிட்டோம். அதனால் நீ போன இந்த இரண்டு வருஷமாக உன் நோட்டு என் டிரங்குப் பெட்டியில், படிக்க முடியாத இரண்டு ஆண்களுக்கு நடுவே கிடந்தது.

அந்த வாக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நமக்குக் கல்யாணமான புதிது. பாக்டரியில் என் கூட்டாளிகள் ஒரு தாளை நீட்டினார்கள், நான் விரல் வைத்தேன். அது விளையாட்டு தினத்துக்குக் கயிறு இழுக்கச் சம்மதம் என்று எழுதிய தாள். அப்போது நான் துடைப்பக் குச்சி மாதிரி இருந்தேன். மைதானம் முழுக்க இழுபட்டு, இரண்டு முழங்காலும் தோல் உரிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். நீ தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"இனிமே படிச்சுக் காட்டாத தாளுல வெரல வெச்சீங்கன்னா அந்த வெரலுக்கு சோறு கெடையாது."

"எடது கை கட்ட வெரலு என்னிக்கி சோறு தின்னுச்சிமே?"

"அப்ப வலது கைக்கும் சேத்து கெடையாது. ஒரு வேள பட்டினி."

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அதன் பிறகு சம்பளத் தாளோ, சங்கத் தாளோ, பையனின் பள்ளிக்கூடத் தாளோ, யாராவது படித்துக் காட்டாமல் நான் விரல் வைத்ததில்லை.

புலி ஆசையும் அந்தக் காலத்தில்தான் உனக்கு வந்தது. பையன் சின்னவன். பூனா ஊருக்குள் இருந்த பழைய மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போனோம். கூண்டுக்குள் புலி இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் போய்ப் போய் வந்தது. பையன் குரங்கைப் பார்க்க வேண்டும் என்று கையை இழுத்தான். நீ நகரவில்லை.

"இது நடக்கறது நடையே இல்லங்க," என்றாய். "இதும் பாட்டுக்கு நடந்தா எப்பிடி நடக்கும்னு ஒரு தரம் பாக்கணும்."

அந்த ஒரு தரம் வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை பாக்டரியில் ஊர் சுற்ற ரயில் டிக்கெட் கொடுப்பார்கள். மற்றவர்கள் சொந்த ஊருக்கும் திருப்பதிக்கும் போவார்கள். பையன் படிப்பு முடிந்த வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அஸ்ஸாம் காட்டுக்குப் போவோம் என்று நீ சொன்னாய். நான் போய் லீவு கேட்டபோது செக்‌ஷனே சிரித்தது. "திருப்பதிய உட்டுட்டு காண்டாமிருகத்த பாக்கப் போறானாம். மொட்ட அடிச்சி அதும் கொம்புலயா மாட்டுவ?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "மாட்டினா போட்டோ எடுத்து காட்டறோம்னு சொல்லுங்க," என்றாய்.

கிளம்பும் போது ஒரு நீள நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, கட்கி பஜாரில் வாங்கிய மை டப்பா, இந்த மூன்றையும் உன் மஞ்சள் பைக்குள் வைத்தாய். மை எதற்கு என்று கேட்டேன். "நான் எழுதறேன். நீங்க சாட்சி கைநாட்டு வைங்க. நாளைக்கி யாராச்சும் பொய்னு சொன்னா காட்டலாம்," என்றாய். சட்டமும் நீயே போட்டாய். இரண்டு பேரும் பார்த்தால்தான் நோட்டில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தது பார்த்ததில் சேராது. அஸ்ஸாமில், அந்தக் காசிரங்கா காட்டில் முதல் நாளே நான் ஆற்றில் ஒரு நீர்நாயைப் பார்த்தேன். நீ திரும்புவதற்குள் முங்கிவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் நீ எழுதவில்லை. "அது உங்க மனசுலயே இருக்கட்டும்," என்றாய். இருக்கிறது. இன்றைக்கும் அதன் மீசையில் தண்ணீர் சொட்டுகிறது.

என் கண் கூர்மை, உன் எழுத்து கூர்மை. நான் காட்டுவேன், நீ சண்டைக்கு வருவாய். நீர்க்காகம் என்றால் இல்லை, பாம்புத்தாரா என்பாய். குட்டி என்றால் அது குட்டியில்லை, வயசுப் பிள்ளை என்பாய். தேக்கடியில் படகில் இருந்த எல்லோரும் நம் சண்டையைத்தான் வேடிக்கை பார்த்தார்கள், ஏரியைப் பார்க்கவில்லை. சண்டை முடிந்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு எழுதுவாய், உரக்கப் படித்துக் காட்டுவாய், நான் விரல் வைப்பேன்.

புலி மட்டும் நம் முன்னால் வரவே இல்லை. தேக்கடியில் இல்லை, கான்ஹாவில் இல்லை. நம் மகாராஷ்டிரத்துக்குள்ளேயே தாடோபாவுக்கு இரண்டு தடவை போனோம், அங்கேயும் இல்லை. எங்கே போனாலும் கைடு ஒரே பேச்சைப் பேசுவான், நேற்று வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று. "எல்லா ஊர்லயும் நேத்தே வருது. நமக்குன்னா மட்டும் லீவு போட்டுடுதே," என்பாய்.

நான் ரிடையர் ஆன பிறகு பையனுக்கு இரண்டு வருஷம் கோலாலம்பூரில் வேலை. நம்மைக் கூப்பிட்டான். அங்கிருந்து கடல் தாண்டி சரவாக் காட்டுக்கு அழைத்துப்போனான். மழை பிடித்துக்கொண்டது. மரத்தின் மேல் ஒரு ஒராங்குட்டான் பெரிய இலை ஒன்றைப் பறித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "ரேஷன் கடை வரிசையில நானு நின்ன மாதிரியே இருக்குதுங்க," என்று நீ சொன்னதும் பையன் சிரித்துச் சிரித்து குடையைக் கீழே போட்டுவிட்டான். பக்கத்தைத் திறந்தால் அந்தக் கைநாட்டின் மேல் மழைத்தண்ணீர் பட்டு மை பூப்போல விரிந்திருக்கும்.

அங்கே போர் ஓய்ந்திருந்த சமயத்தில் இலங்கைக்குப் போனோம். யால காட்டு வாசலில் இருந்த பலகையில் தமிழ் இருந்தது. மிருகங்களுக்குத் தீனி போடாதீர்கள் என்றோ என்னவோ. அதை நீ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சத்தமாக இரண்டு தடவை படித்தாய். கட்கிக்கு வந்த புதிதில் நீயும் என் மாதிரிதான், வாசல் தாண்டினால் எழுத்தறியாதவள். பஸ் பலகை, கடைப் பலகை எல்லாம் மராத்தி. நான் பஸ்ஸை அதில் ஏறும் ஆட்களை வைத்துக் கண்டுபிடிப்பேன், நீ என் பின்னால் ஏறுவாய். பிறகு கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே அந்த எழுத்தையும் படித்துக்கொண்டாய். நான் படித்துக்கொள்ளவில்லை. நீ இருக்கிறாயே என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக நேபாளம். அதைச் சொல்லத்தான் இந்த மடலே. மற்றதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

பூனாவிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து எல்லை வரைக்கும் ஒரு பஸ், எல்லைக்கு அப்பால் இன்னொரு பஸ். சித்வன் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தச் சமயம் அந்த நாட்டில் கலவரம், வெளியூர் ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. நாலு பேர் உட்காரும் யானைப் பலகையில் நாம் இரண்டு பேர்தான். நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. யானைக் கழுத்தில் பாகன், காதில் கடுக்கன் போட்ட ஒல்லி ஆள்.

முதல் நாள் நான் காட்டியதற்கெல்லாம் நீ ஆமாம் என்றாய். "அதோ தண்ணியில காண்டாமிருகம், கூட குட்டி," என்றேன். "ஆமாங்க, குட்டி," என்றாய். மயில் என்றேன், ஆமாம் என்றாய். முதலை என்றேன், ஆமாம் என்றாய். ஒவ்வொன்றையும் எழுதிப் படித்துக் காட்டினாய், நான் விரல் வைத்தேன். அந்தக் காண்டாமிருகத்தோடு இருந்தது குட்டியே இல்லை, முக்கால் ஆள் உயரம் இருந்தது. பழைய நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். சண்டை போடாத உன்னைப் பார்த்தே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய். கேட்டதற்குக் கூட்டம் என்றாய். இரண்டு பேர் இறங்கும் இடத்தில் கூட்டம் எங்கே இருந்தது?

மறுநாள் காலை. பனி விலகி வெயில் வந்த நேரம். வற்றிப்போன ஓடை, வெள்ளை வெள்ளையாகக் கல், அதற்கு அப்பால் புல். யானை சட்டென்று நின்றது. தும்பிக்கையைத் தூக்கிற்று. அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உறுமல் பலகை வழியாக நம் உடம்புக்குள் ஏறிற்று. பாகன் வாய் திறக்கவில்லை, மோவாயால் காட்டினான்.

நம் பழைய குவார்ட்டர்ஸ் வாசலுக்கும் பொதுக் குழாய்க்கும் உள்ள தூரம்தான். ஓடையின் நடுவில், மறைப்பு ஒன்றுமில்லாமல், நின்றுகொண்டு நம்மைப் பார்த்தது. நான் வாயைத் திறந்துகொண்டு உன் பக்கம் திரும்பினேன். நீ நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏங்க நின்னுட்டோம்?" என்றாய். "ஒண்ணையும் காணோமே. வெறும் புல்லுதான?"

அந்த ஒரு நொடியில் சட்டை நுனி, ஆமாம் ஆமாம், கூட்டம் எல்லாம் எனக்குப் புரிந்துபோயிற்று.

"ஆமாமே," என்றேன். "வெறும் புல்லுதான்."

பாகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவன் தோளை அழுத்தினேன். அவனும் திரும்பிக்கொண்டான்.

புலி என்று நான் சொல்லியிருந்தால் நீ பார்த்தேன் என்று சொல்லியிருப்பாய். எழுதியிருப்பாய். நானும் பொய்யென்று தெரிந்தே விரல் வைத்திருப்பேன். இல்லையென்றால் எங்கே எங்கே என்று தேடி, தெரியவில்லை என்று அந்த யானை மேலேயே உடைந்திருப்பாய். இரண்டில் எதையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ அத்தனை வருஷம் கேட்டதை உன் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு புல் என்று சொன்னேன்.

இறங்கிய பிறகு பாகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாஜி நே நஹி தேகா?" என்று கேட்டான். அம்மா பார்க்கவில்லை என்றேன். நீங்கள், என்று கேட்டான். நானும் பார்க்கவில்லை என்றேன். நம் சட்டப்படி அதுதானே சரி. அவன் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது இடார்சி ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். நான் ஏறும்போது நீ நோட்டை மூடிக்கொண்டிருந்தாய். "இன்னாமே எழுதன?" என்றேன். "ஒண்ணுமில்ல. பேனா எழுதுதான்னு பாத்தேன்," என்றாய்.

ஊருக்கு வந்ததும் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாகவே சரியாகத் தெரிந்திருக்காது என்றார். வெளியே வந்து உன்னைத் திட்டினேன். நீ திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டாய். "சொன்னா ஊரு சுத்தறத நிறுத்திடுவீங்க. அதான் சொல்லல," என்றாய். நிறுத்தத்தான் செய்தேன்.

அப்புறம் நீ படுக்கையில் இருந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம், நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அன்னிக்கி ஆன ஏன் நின்னுச்சி?"

"மூத்திரம் பேஞ்சிது."

"அவ்ளோ நேரமா?"

"ஆனைன்னா சும்மாவா."

நீ சிரித்தாய். என் முகம் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் சொல்வதற்கு நீ இடம் விட்டாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் சுளையை உன் வாயில் வைத்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

முந்தாநாள் பேங்கிலிருந்து வரும்போது பஸ்ஸில் விரலை மோந்துகொண்டே வந்தேன். நான் உயிரோடு இருப்பதற்குத் தாள் இருக்கிறது, அந்தப் புலி இருந்ததற்கு ஒரு தாளும் இல்லையே என்று இருந்தது. இன்று காலை டிரங்கைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு சுமதியைக் கூப்பிட்டேன். எல்லாக் கதையையும் சொல்லி, கடைசிப் பக்கத்தில் புலி என்று எழுதித் தா, என் வீட்டுக்காரியிடம் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும் என்றேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசியில் நின்றாள்.

"ஏனுங்கய்யா, இந்த ரெண்டு பக்கம் படிக்க வரலீங்க. ஒரு வரி மேலயே இன்னொரு வரி எழுதியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க."

என்னிடம் கொடு என்றேன். எனக்கு எழுத்து வேண்டியதில்லை, என் விரல் இருந்தால் போதும். ஒவ்வொரு கைநாட்டாகத் தொட்டுச் சொன்னேன். இது காண்டாமிருகம், தண்ணீரில், கூடவே குட்டி. இது ஆண் மயில், பட்ட மரத்தில். இது முதலை, வாய் திறந்தபடி. இது நான்கு மான்கள், ஒன்றுக்குக் கொம்பு உடைந்தது. நீ எப்படிப் படித்துக் காட்டினாயோ அப்படியே வந்தது. சுமதி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். படித்துக் காட்டினாய் என்கிறேனே, நீ எழுதியது உனக்கே தெரிந்திருக்காது. நான் சொன்னதை மனசில் வைத்துத் திருப்பிச் சொல்லியிருக்கிறாய். நான் ஆயுள் முழுக்கச் செய்ததை நீ அந்த இரண்டு நாளும் செய்திருக்கிறாய்.

ஒன்பது கைநாட்டு. ஒன்பதையும் சொல்லி முடித்தேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே," என்றாள் சுமதி.

அதற்குக் கீழே, பக்கத்தின் அடியில், பெரிசு பெரிசாக ஏதோ எழுதியிருந்தது. ரயில் ஆட்டத்தில் கோணியிருந்தது. அதற்கடியில் என் விரல் இல்லை.

"என்ன எழுதியிருக்குது?"

அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "தெரியலீங்கய்யா. நானா ஊகிச்சு ஒண்ணைச் சொன்னா தப்பாப் போயிருமுங்க."

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஊகிக்க வேண்டாம் என்றேன். புலியையும் எழுத வேண்டாம், இதை மட்டும் எழுது என்று இந்த மடலைச் சொல்ல ஆரம்பித்தேன்.

யானையின் உறுமல் உன் உடம்பிலும் ஏறியிருக்கும். அவ்வளவு நேரம் பாகன் மூச்சு விடாமல் இருந்ததும் உனக்குக் கேட்டிருக்கும். அந்த வரியில் இருப்பது புலிதானா, பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல்தானா, என் மேல் இருந்த கோபமா, எனக்குத் தெரியாது. கேட்க நீ இல்லை.

நடையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது உனக்குச் சேர வேண்டியது. அது நம்மைப் பார்த்து முடித்த பிறகு அவசரமே படவில்லை. முன்னங்கால் எந்தக் கல்லில் பட்டதோ அதே கல்லில் பின்னங்கால் வந்து பட்டது. ஒரு கல்கூடப் புரளவில்லை. தோள் எலும்பு இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கின, அடுப்படியில் உட்கார்ந்து நீ அம்மி அரைக்கும்போது உன் முதுகு அசையுமே, அப்படி. தலை மட்டும் ஆடவே இல்லை. கரையேறியதும் புல் திறந்தது, மூடிக்கொண்டது. கூண்டில் பார்த்தது நடை இல்லை என்று சொன்னாயே, நீ சொன்னது சரிதான்.

மை டப்பா உன் மஞ்சள் பைக்குள்ளேயே இருந்தது. காய்ந்து வெடித்திருந்தது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி வைத்துவிட்டு, இவ்வளவையும் சுமதிக்குச் சொன்னேன். இப்போது திறந்தால் ஊதா ஊறியிருக்கிறது. வாசனையும் இருக்கிறது.

அந்தக் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்துவிட்டேன். யாரும் படித்துக் காட்டவில்லை.

நம் மருமகள் வாசலில் வந்து, "பாபா, ஜேவாய்லா யா," என்று சாப்பிடக் கூப்பிடுகிறாள். தட்டு வைத்துவிட்டாளாம். இந்த ஒரு வேளை எனக்குச் சோறு வேண்டாம் என்று சுமதியைச் சொல்லச் சொன்னேன்.